ஏலத்தில் எடுத்த மில்லில் கதிரியக்கப் பெட்டி: காணாமல் போனதையும் சொல்ல வேண்டுமா?

கேள்வி: ஈரோடு பக்கம் மூடிக் கிடந்த பேப்பர் மில் ஒன்றை வங்கி ஏலத்தில் எடுத்திருக்கிறேன். கூழ் வேகவைக்கும் டைஜஸ்டரில் இரண்டு இடத்தில், மஞ்சள் தகட்டில் மூன்று இதழ் குறி போட்ட கனமான பெட்டிகள் இருக்கின்றன. தகட்டில் சீசியம்-137, 1998 என்று போட்டிருக்கிறது. பழைய ஃபைலில் மூன்று பெட்டி என்று இருக்கிறது, மூன்றாவதைக் காணோம். "இரண்டை மட்டும் காட்டிப் பதிவு செய்துவிடலாம், இன்னொன்றைப் பற்றி வாயே திறக்காதீர்கள்" என்கிறார் ஒரு கன்சல்டன்ட். "பழசு, பவர் போயிருக்கும், ஈயத்துக்கு நல்ல விலை தருகிறேன்" என்கிறார் ஸ்க்ராப் வியாபாரி. என்ன செய்வது?

பதில்: மூன்றையும் எழுதிக் கொடுங்கள். இரண்டு இருக்கிறது, ஒன்றைக் காணவில்லை என்று உள்ளது உள்ளபடியே எழுதுங்கள். அந்தக் கன்சல்டன்ட்டை இனி மில்லுக்குள் சேர்க்காதீர்கள்.

நம் நாட்டில் இந்த மாதிரி சோர்ஸ், அதாவது பெட்டிக்குள் இருக்கும் கதிரியக்கப் பொருள், ஒவ்வொன்றுக்கும் கணக்கு வைத்திருப்பது மும்பையில் இருக்கும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். இ-லோரா என்ற அதன் இணையப் பதிவேட்டில் என்ன தனிமம், எவ்வளவு வீரியம், வரிசை எண் என்ன, யார் விற்றார்கள், எந்த ஆலையில் இருக்கிறது என்பதெல்லாம் ஏறியிருக்க வேண்டும். வாங்க, இடம் மாற்ற, அப்புறப்படுத்த எல்லாவற்றுக்கும் முன்அனுமதி தேவை. ஆனால் ஆலைக்காரர் சொன்னால்தான் பதிவேட்டுக்கு விஷயம் தெரியும். ஆலை மூடி, சம்பளம் நின்று, கதிரியக்கப் பாதுகாப்பு அலுவலரும் வேலையை விட்டுப் போய்விட்டால் சொல்வதற்கு யார் இருக்கிறார்கள்? அப்புறம் வங்கி வருகிறது. மோட்டார், பம்ப், தகரக் கூரை வரைக்கும் பட்டியல் போடுகிறது. "உள்ளது உள்ளபடி" என்று ஒரு வரி சேர்த்து விற்றுவிடுகிறது. மின்கட்டண பாக்கியைத் துருவித் துருவிக் கேட்பவர்கள், இங்கே கதிரியக்கப் பொருள் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. ஏலப் படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் சேர்க்க என்ன தடை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு 2023-ஆம் ஆண்டே போதும். அந்த ஜனவரியில் மேற்கு ஆஸ்திரேலியாவில், சுரங்கத்திலிருந்து லாரியில் போன அளவுக் கருவியிலிருந்து ஒரு சீசியம் குப்பி வழியில் விழுந்துவிட்டது. 8 மில்லிமீட்டர் உயரம், 6 மில்லிமீட்டர் குறுக்களவு, அவ்வளவுதான். தேட வேண்டிய சாலையோ 1,400 கிலோமீட்டர். காணவில்லை என்று ஊரறியச் சொன்னார்கள், கருவிகளோடு தேடினார்கள், பிப்ரவரி முதல் தேதி கிடைத்துவிட்டது. அடுத்த மாதம் தாய்லாந்தில் பிராச்சின்புரி மாகாணத்தில், ஒரு மின்நிலையத்தின் சீசியம் உருளை காணாமல் போனது. அவர்கள் தாமதமாகத்தான் சொன்னார்கள். கடைசியில் பழைய இரும்பு உருக்கும் ஆலையின் தூசியில் சீசியம் தட்டுப்பட்டது.

உங்கள் மூன்றாவது பெட்டி நல்லபடியாகவே இருக்கலாம். பழைய நிர்வாகம் விற்பனையாளரிடம் திருப்பிக் கொடுத்திருக்கலாம். தகட்டில் பெயர் இருக்கும், அவர்களிடம் எழுத்துமூலமாகக் கேளுங்கள். இன்ஸ்ட்ருமென்ட் ஸ்டோரில் கழற்றி வைத்த பழைய உபகரணங்களுக்கு நடுவில் கிடக்கவும் கூடும். ஆனால் பூட்டிய அறைகளை நீங்களே குடைந்து தேட வேண்டாம். அளவீட்டுக் கருவியோடு பயிற்சி பெற்றவர் வந்து தேடட்டும்.

இப்போது ஸ்க்ராப்காரர் கதைக்கு வருகிறேன். "பவர் போயிருக்கும்" என்ற இந்த வசனத்தைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. சீசியம்-137 பாதியாகக் குறையவே 30 வருடம் ஆகும். 1998-இல் பொருத்தியதில் பாதிக்கு மேல் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. அவருக்கு வேண்டியது கவசமாக இருக்கும் ஈயம்; அதை உடைத்து எடுக்கும் பையனின் கை என்ன ஆகும் என்பது அவர் கவலை இல்லை. 2010-இல் டெல்லி மாயாபுரியில் நடந்தது இதேதான். ஒரு பல்கலைக்கழகம் 1985-லிருந்து தொடாமல் வைத்திருந்த, கதிரியக்கக் கோபால்ட் உள்ள கருவியை ஏலத்தில் விட்டது. ஒழுங்குமுறை வாரியம் பிறந்ததே 1983-இல்; கருவி அதற்கும் முன்பே வாங்கியது, யாருடைய கவனத்திலும் இல்லை. காயலான் கடையில் பிரித்தார்கள். ஒருவர் துண்டு ஒன்றைத் தன் பர்ஸில் வைத்துக்கொண்டார். ஒரு தொழிலாளி இறந்தார், பலர் மருத்துவமனையில் கிடந்தார்கள்.

அந்த வசனம் கொஞ்சம் உண்மையாகும் இடம் ஒன்று உண்டு. வெல்டிங் ஜாயின்ட்டைப் படம் பிடிக்கும் ரேடியோகிராஃபி கேமராவில் இருக்கும் இரிடியம்-192, 74 நாளில் பாதியாகிவிடும். சில வருடம் கழித்து அதில் சொல்லும்படி எதுவும் மிஞ்சாது. இதைப் பிடித்துக்கொண்டு, "கேமராவும் செத்துவிட்டது, எடைக்குப் போடலாம்" என்று திருச்சி, கோவைப் பக்கம் சிலர் கிளம்புகிறார்கள். அது தவறு. பல கேமராக்களில் கவசமே யுரேனியத்தால் ஆனது. இரிடியம் போனாலும் யுரேனியம் போகாது. அதற்கும் கணக்கு உண்டு, அதையும் அனுமதியில்லாமல் விற்க முடியாது. தவிர, சோர்ஸ் செத்துவிட்டது என்று முடிவு செய்து பதிவேட்டிலிருந்து எடுக்க வேண்டியது வாரியம். உங்களிடம் இருப்பது சீசியம் என்பதால் இந்த விதிவிலக்கு உங்களுக்குக் கிடையாது.

உடனே கவனிக்க வேண்டியது டைஜஸ்டர். பெட்டியிலிருந்து வரும் கதிர் தொட்டியின் குறுக்கே பாய்ந்து எதிர்ப்பக்க உணரியில் விழும். கூழ் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று கண்டுபிடிப்பது அப்படித்தான். பெட்டியின் ஷட்டர் திறந்தே இருந்தால், சுத்தம் செய்யவோ வெட்டவோ காலித் தொட்டிக்குள் இறங்கும் ஆள் நேராகக் கதிரில் நிற்பார். ஷட்டர் மூடியிருக்கிறது என்று பயிற்சி பெற்றவர் அளந்து சொல்லும்வரை ஒருவரையும் உள்ளே இறக்காதீர்கள். கேஸ் கட்டிங் கூடாது, போல்ட்டைத் தளர்த்தவும் கூடாது. கயிறு கட்டி, பலகை வைத்து, காவலுக்கு ஆள் போடுங்கள். பெட்டி மூடி சரியாக இருந்தால் தள்ளி நின்று காவல் காப்பவருக்கு ஆபத்தில்லை, அவரைப் பயமுறுத்த வேண்டாம்.

பழைய கம்பெனியின் இ-லோரா கணக்கு உங்களுக்குத் திறக்காது. அதற்காகப் புரோக்கரைத் தேடிப் போகாதீர்கள். ஆர்.எஸ்.ஓ. எனப்படும் பாதுகாப்பு அலுவலரின் சான்றிதழை வாடகைக்குத் தருவதாகச் சொல்பவர்களும் உண்டு. அந்த அலுவலர் உங்கள் மில்லை எட்டிக்கூடப் பார்க்க மாட்டார், சிக்கல் வந்தால் கையெழுத்துப் போட்ட நீங்கள்தான் நிற்க வேண்டும். வாரியத்துக்கும், சென்னையில் இருக்கும் அதன் தென்மண்டல மையத்துக்கும் நேரடியாக எழுதுங்கள். பதில் தாமதமானால் மறுபடி எழுதுங்கள், போன் செய்யுங்கள். அலுக்காமல் துரத்த வேண்டியிருக்கும். பெட்டிகள் தயாரித்தவரிடம் திரும்புமா, அங்கீகரித்த கழிவு நிலையத்துக்குப் போகுமா என்பதை அவர்கள் சொல்வார்கள். செலவை வங்கியிடம் கேட்க ஒரு வக்கீலைப் பாருங்கள்.

கடிதத்தோடு ஏலச் சான்றிதழின் நகல், வரிசை எண் தெரியும்படி தள்ளி நின்று ஜூம் செய்து எடுத்த தகட்டின் படம், மூன்று பெட்டி என்று எழுதியிருக்கும் அந்த ஃபைல் பக்கம், மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள். மில்லிலிருந்து இதுவரை ஸ்க்ராப் எதுவும் வெளியே போயிருந்தால், எந்தத் தேதியில் யாருக்குப் போனது என்பதையும் அதிலேயே எழுதுங்கள். மூன்றாவது பெட்டியைத் தேடுபவர்கள் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.