வெளிநாட்டு அரசு பணம் தரலேன்னா அதன் சொத்தை ஜப்தி செய்ய முடியுமா?

கேட்டவர் ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருக்கிறார். ஒரு வெளிநாட்டுத் தூதரகம் கொட்டை வாங்கிப் பணம் தரவில்லை என்றால், சேலம் கோர்ட்டில் தீர்ப்பு வாங்கி அவர்கள் காரை ஜப்தி செய்யலாமா என்பது கேள்வி.

காரைத் தொடவே முடியாது. விபத்து நஷ்டஈடு பாக்கிக்காக அரசு பஸ்ஸில் அமீனா ஏறி, பயணிகளை இறக்கிவிட்டு, அஸ்தம்பட்டி கோர்ட்டுக்கு ஓட்டி வருகிற மாதிரி இங்கே நடக்காது. தூதரக உறவுகள் பற்றி நாடுகள் செய்துகொண்ட 1961 வியன்னா உடன்படிக்கையின் 22வது பிரிவு தூதரகக் கட்டடம், உள்ளிருக்கும் சாமான், வண்டி எல்லாவற்றுக்கும் காப்பு தருகிறது, நம் நாட்டில் 1972 சட்டம் அதற்கு உயிர் கொடுத்தது.

மற்ற சொத்துக்கு சிவில் நடைமுறைச் சட்டம் 86வது பிரிவு. வழக்கு போடவே மத்திய அரசின் எழுத்துபூர்வ சம்மதம் வேண்டும். சரி, ஜெயித்தாச்சு, அப்புறம்? தீர்ப்பை நிறைவேற்றத் தனியாக இன்னொரு சம்மதம்! ஜெயித்தவன் மறுபடி தில்லிக்கு மனுப் போட வேண்டும், இதுதான் எனக்கு எரிச்சல்.

ஒரு வழி உண்டு. தில்லி ஆப்கானிஸ்தான் தூதரகச் சீரமைப்பு ஒப்பந்த வழக்கில், 2021இல் தில்லி உயர்நீதிமன்றம், வணிக ஒப்பந்தத்தில் பிறந்த நடுவர் தீர்ப்பை (கோர்ட்டுக்குப் பதில் இரு தரப்பும் ஏற்ற நடுவர் தருவது) நிறைவேற்ற அந்தச் சம்மதம் தேவையில்லை என்றது. தில்லி தீர்ப்பு சேலம் கோர்ட்டைக் கட்டாயப்படுத்தாது, ஆனாலும் வாதத்துக்குக் கை கொடுக்கும். அதனால் ஒப்பந்தத்தில் நடுவர் தீர்ப்பு ஷரத்தும், தீர்ப்பை நிறைவேற்றும்போது சொத்துக்கு உள்ள காப்பை விட்டுக்கொடுக்கிறோம் என்று தூதரகம் சொல்லும் வரியும் தனித்தனியாக இருக்கட்டும். வழக்கு போட முடியாது என்ற காப்பை விட்டுக்கொடுத்தால், சொத்தை ஜப்தி செய்ய முடியாது என்ற காப்பும் போய்விட்டதாக அர்த்தமில்லை. என்னைக் கேட்டால், மூட்டை மலை இறங்கும் முன் முழுப் பணத்தையும் வாங்கிவிடுங்கள்.