பழைய ஃபோர் வீல் டிரைவ் ஜீப் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

ஃபோர் வீல் டிரைவ் என்றால் எஞ்சின் இழுவை நான்கு சக்கரத்துக்கும் போகிற வண்டி. பழைய ஜீப்புகளில் சாதாரணமாகப் பின்சக்கரம்தான் இழுக்கும். லீவரைப் போட்டால் முன்சக்கரமும் சேரும்.

முதலில் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். உவரி, கூடங்குளம் பக்கம் ஓடிய வண்டி என்றால் உப்புக்காற்று சேஸிஸை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தை, அரித்திருக்கும். ஸ்பேனரால் தட்டினால் நல்ல இரும்பு கணீரென்னும். துருவேறியது சொத்தென்று கேட்கும். அடியில் மட்டும் புதுக் கறுப்புப் பெயின்ட் பளபளத்தால் எனக்குச் சந்தேகம்தான். 2023 டிசம்பர் வெள்ளத்தில் நின்ற வண்டியா என்று அறிய, சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். உள்ளே வண்டல் கறை இருந்தால் விலையே பேச வேண்டாம்.

அடுத்து லீவர். இதைத் தார்ச்சாலையில் சோதிக்காதீர்கள், தேரி மணலுக்குக் கொண்டுபோங்கள். திருப்பத்தில் முன்சக்கரம் பின்சக்கரத்தைவிடக் கூடுதல் தூரம் உருளும். வண்டிமாடு திரும்பும்போது வெளிமாடு அதிகம் நடக்க வேண்டாமா? இரண்டும் ஒரே அளவுதான் நடக்கணும் என்று கட்டினால் நுகம் முறியும். மணலில் சக்கரம் வழுக்கி அந்த வித்தியாசத்தை ஈடுகட்டிவிடும். தாரில் பாரமெல்லாம் கியர்பெட்டிக்குப் போகும். லோ கியரும், அதாவது வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் கியரும், விழுகிறதா பாருங்கள். நான்கு டயரும் ஒரே அளவா?

ஆர்.சி.யிலும் சேஸிஸிலும் எண் ஒன்றாக இருக்க வேண்டும், கடன் பாக்கி இருக்கக் கூடாது.

ஃபோர் வீல் டிரைவ் இருந்தால் மாஞ்சோலை இறக்கத்தில் பிரேக் கூடுதலாகப் பிடிக்கும் என்பது தவறு: பிரேக் எல்லாக் கார்களிலும் நான்கு சக்கரத்தில்தான், இறக்கத்தில் கைகொடுப்பது லோ கியர்.