கழிமுகச் சேற்றில் இரண்டு நாற்றம்

கேள்வி: முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுச் சேற்றைக் கிளறினால் ஒரு சமயம் அழுகிய முட்டை நாற்றம், ஒரு சமயம் வெந்த முட்டைக்கோஸ் வாடை. இரண்டும் ஒன்றா? பையில் எடுத்துவந்த கருஞ்சேறு மறுநாளே பழுப்பாகி, நாற்றமும் போய்விட்டதே?

பதில்: ஒன்றல்ல. முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடு. புரதத்திலுள்ள சிஸ்டைன் என்னும் கந்தக அமினோ அமிலத்தை பாக்டீரியா உடைத்தால் இதோடு அம்மோனியாவும் பைருவேட் என்ற கரிமச் சேர்மமும் வரும். ஆனால் பெரும்பங்கு அதிலிருந்து வருவதில்லை. லிட்டர் கடல்நீரில் சுமார் 2.7 கிராம் சல்பேட் (கந்தகமும் ஆக்சிஜனும் சேர்ந்த அயனி) இருக்கிறது. ஆக்சிஜன் தீர்ந்த சேற்றில் டீசல்ஃபோவிப்ரியோ போன்ற பாக்டீரியாக்கள் ஆக்சிஜனுக்குப் பதில் அதைக் கொண்டே சுவாசித்து, ஹைட்ரஜன் சல்பைடை வெளிவிடுகின்றன.

கரிமக் கந்தகம் (உயிர்ப்பொருளில் கலந்த கந்தகம்) சிதைவதைக் காட்டுவது முட்டைக்கோஸ் வாடைதான். மெத்தியோனின் என்ற இன்னொரு கந்தக அமினோ அமிலம் உடைந்தால் மீத்தேன்தயால் வாயு. பாசிகள் உப்பைச் சமாளிக்கச் சேர்த்துவைக்கும் டிஎம்எஸ்பி என்ற கந்தகச் சேர்மம் பிளந்தால் டைமெத்தில் சல்பைடு என்னும் வாடைப் பொருளும் அக்ரிலேட்டும். இந்த டைமெத்தில் சல்பைடைத் தின்று மீத்தேன் விடுபவை சில ஆர்க்கியாக்கள் (பாக்டீரியா அல்லாத, தனிவகை ஒருசெல் நுண்ணுயிர்கள்). சல்பேட் நிறைந்த சேற்றிலும் மீத்தேன் குமிழ் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கருநிறம் இரும்பு சல்பைடு. காற்றுப் பட்டால் துருவாகிவிடும். பிளாஸ்டிக் பை ஆக்சிஜனைத் தடுக்காது. கண்ணாடிக் குப்பியில் விளிம்புவரை நிரப்பி, குமிழே இல்லாமல் மூடி, ஐஸில் வையுங்கள். ஈரமாக்கிய லெட் அசிடேட் தாளை (ஈய உப்பு தோய்த்த சோதனைத் தாள்)க் குப்பி வாயில் பிடித்துக் கருத்தால் ஹைட்ரஜன் சல்பைடு. டைமெத்தில் சல்பைடுக்குக் கருக்காது. சோதிக்கிறேன் என்று அறைக்குள் சேற்றில் அமிலம் ஊற்றிவிடாதீர்கள்: இரும்பு சல்பைடு கரைந்து ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சுவாயு ஒரேயடியாகக் கிளம்பும், செறிவு கூடினால் மூக்கும் மரத்து நாற்றமே தெரியாமல் போகும்.