சர்க்கரைவள்ளி வறுவல் மலையில் ஏன் நமுத்துப்போகிறது? – கேள்வி பதில்

உதகையில் 22 ஆண்டுகளாக வீட்டிலிருந்தே ரொட்டியும் பிஸ்கட்டும் சுட்டு விற்றுவருகிறேன். சர்க்கரைவள்ளிக்கிழங்கை எண்ணெயில் பொரிக்காமல் ஓவனில் மொறுமொறுப்பாக வறுத்தெடுப்பது பற்றி நீலகிரியிலிருந்தும் கொடைக்கானல் பக்கத்திலிருந்தும் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கோத்தகிரி வாசகி: அக்கா, மூன்று முறை செய்தும் வேகவைத்த கிழங்கைப் போலத் துவண்டுதான் வருகிறது. முதலிலிருந்து சொல்லுங்கள்.

உருளைக்கிழங்குக்குக் கற்ற பக்குவத்தையே இதற்கும் செய்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். உருளை கத்தரிக்காயின் குடும்பம். சர்க்கரைவள்ளி வள்ளைக்கீரையின் குடும்பம். கிழங்கின் உட்புறம் ஏறத்தாழ 55 முதல் 75 டிகிரி வரை சூடேறும்போது, அதிலுள்ள ஒரு நொதி மாவுச்சத்தை மால்டோஸ் என்னும் சர்க்கரையாக மாற்றுகிறது. ஓவன் மெதுவாகச் சூடேறினால் கிழங்கு அந்த நிலையிலேயே நெடுநேரம் கிடந்து, இனிப்பும் குழைவும் கூடி, மொறுமொறுப்புக்குத் தேவையான மாவுச்சத்தை இழந்துவிடும். ஆகவே ஓவன் நன்றாகக் காய்ந்த பிறகே தட்டை உள்ளே வைக்க வேண்டும்.

அரை கிலோ கிழங்கைத் தோல் சீவி, ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள குச்சிகளாக வெட்டுங்கள். எல்லாம் ஒரே தடிமனாக இருக்கட்டும். குளிர்ந்த நீரில் முக்கால் மணி நேரம் ஊறவைத்து, வடித்து, பருத்தித் துண்டில் பரப்பித் துடைத்து, பிறகு விசிறிக்கடியில் 20 நிமிடம் உலரவிடுங்கள். ஊறவைக்க நேரமில்லையென்றால் விட்டுவிடலாம். உலர்த்துவதை மட்டும் விடக் கூடாது, ஏனென்றால் மேற்பரப்பில் ஈரம் இருக்கும்வரை அங்கே நீர் ஆவியாகிக்கொண்டிருக்குமே தவிர, தோல் சிவந்து இறுகாது. உலர்ந்த குச்சிகளை ஒரு பையில் போட்டு, ஒன்றரை மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளோர் தூவிக் குலுக்கி, அதன் பிறகே இரண்டு மேசைக்கரண்டி கடலை எண்ணெயைச் சேர்த்துப் பிரட்டுங்கள். உப்பு இப்போது வேண்டாம். 220 டிகிரியில் 20 நிமிடம் காய்ந்த ஓவனில், குச்சிகள் ஒன்றையொன்று தொடாதபடி விரலிடை விட்டு அடுக்கி, 15 நிமிடம் கழித்துத் திருப்பி, மேலும் 10 நிமிடம் வையுங்கள். பிறகு ஓவனை அணைத்து, கதவில் மரக்கரண்டியைச் செருகிச் சற்றே திறந்த நிலையில் 8 நிமிடம் உள்ளேயே விட்டுவிடுங்கள். எஞ்சிய ஈரம் வெளியேறுவது இந்தக் கடைசி 8 நிமிடத்தில்தான். பரிமாறும் தட்டில் கொட்டிய பிறகே உப்பைத் தூவ வேண்டும்.

பண்ணைக்காடு வாசகர்: கடையில் சோள மாவு என்று கேட்டு வாங்கிப் போட்டேன். வறுவல் கரகரவென்று மணலாக இருந்தது.

உங்களுக்குக் கிடைத்தது வெள்ளைச் சோளத்தை அரைத்த மாவாகவோ மஞ்சள் மக்காச்சோள மாவாகவோ இருக்கலாம். நமக்குத் தேவை மக்காச்சோளத்திலிருந்து பிரித்தெடுத்த வெண்மையான மாவுச்சத்து. விரலிடையில் தேய்த்தால் கிறீச்சென்ற உணர்வு வரும். கடையில் ‘கார்ன்ஃப்ளோர்’ என்றே கேளுங்கள். இல்லாவிட்டால் அரிசி மாவைச் சலித்துப் போடுங்கள். இன்னும் சற்றுக் கடினமான மொறுமொறுப்பு வரும், எனக்கு அதுவும் பிடிக்கும்.

கொடைக்கானல் வாசகி: மலைமேல் எல்லாம் வேகத் தாமதமாகும் என்பதால் ஓவனை 240 டிகிரியில் வைத்தேன். முனைகள் கருகிவிட்டன, நடுப்பகுதி வேகவில்லை.

மலையில் நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும் என்பது உண்மைதான். உதகை 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே ஏறத்தாழ 92 அல்லது 93 டிகிரியிலேயே நீர் கொதித்துவிடும். உங்கள் ஊரிலும் கிட்டத்தட்ட அதே நிலைதான். ஆனால் அதற்கான பரிகாரம் ஓவன் சூட்டைக் கூட்டுவது அல்ல. சர்க்கரை மிகுந்த கிழங்கு 220 டிகிரியைத் தாண்டினால் முனைகளில் விரைவாகக் கருகிக் கசக்கும்.

குன்னூர் வாசகர்: இதை நான் ஏற்கவில்லை அம்மா. ஓவனில் சுடுவது காற்று. தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதித்தால் நமக்கென்ன? உயரத்துக்கும் வறுவலுக்கும் தொடர்பே இல்லை.

ஓவன் காற்றின் வெப்பம் சென்னையிலும் குன்னூரிலும் ஒன்றுதான் என்ற அளவில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் கிழங்கில் பெரும்பகுதி நீர். அந்த நீர் உள்ளே இருக்கும்வரை, வெளியே 220 டிகிரி இருந்தாலும் குச்சியின் நடுப்பகுதி நீரின் கொதிநிலையைத் தாண்டி ஏறாது. சமவெளியில் அந்த எல்லை 100. நமக்கு ஊரைப் பொறுத்து 92 முதல் 94 வரை. ஆகவே நடுப்பகுதி மெதுவாக வேகிறது.

கொடைக்கானல் வாசகி: அப்படியானால் நான் சூட்டைக் கூட்டியது சரிதானே?

இல்லை அம்மா. சூட்டைக் கூட்டினால் வெளிப்புறம் மட்டுமே விரைகிறது. உள்ளே அந்த எல்லை அப்படியேதான் இருக்கும். குச்சியை 8 மில்லிமீட்டராக மெலிதாக்குங்கள், அல்லது 220 டிகிரியிலேயே மூன்று நான்கு நிமிடம் கூடுதலாக விடுங்கள். கருகும் அளவுக்குச் சிவக்கவிடுவது வேறொரு காரணத்தாலும் நல்லதல்ல: மாவுச்சத்துள்ள உணவை 120 டிகிரிக்கு மேல் வறுக்கும்போது அக்ரிலமைடு என்னும், உடலுக்குத் தீங்கு செய்யக்கூடிய வேதிப்பொருள் உருவாவதை 2002-இல் ஸ்வீடனில் கண்டறிந்து அறிவித்தார்கள்; நிறம் கறுக்கக் கறுக்க அது மிகுகிறது. பொன்னிறத்தில் நிறுத்திவிடுங்கள்.

மஞ்சூர் வாசகி: மாலையில் செய்தால் மட்டும் கெட்டுப்போகிறது. காலையில் நன்றாக வருகிறது.

மாலையில் உங்கள் பகுதியில் மின்னழுத்தம் குறைகிறதா என்று பாருங்கள். 230 வோல்ட்டுக்குரிய ஓவனுக்கு 190 வோல்ட்தான் வந்தால், சூடேற்றும் திறன் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். அதனால் ஓவன் காய 20 நிமிடம் போதாது. கதவைத் திறந்து மூடிய பிறகு இழந்த சூட்டை மீட்கவும் நேரமாகும். ஓவனுக்குள் வைக்கும் சிறு வெப்பமானி ஒன்றை வாங்கி, அது 220 காட்டிய பிறகு தட்டை வையுங்கள்.

கூடலூர் வாசகர்: உப்பை முன்பே போட்டால்தானே உள்ளே பிடிக்கும்?

உப்பு கிழங்கிலிருந்து நீரை வெளியே இழுக்கும். கடைசியில்தான் போட வேண்டும்.

பெருமாள்மலை வாசகி: மலைப்பூண்டை இடித்துக் குச்சிகளோடு பிரட்டிச் சுடலாமா?

2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பூண்டை ஓவனில் கருக்க வேண்டாம். இடித்த பூண்டு 220 டிகிரியில் கிழங்கு வேகும் முன்பே கசந்துவிடும். கெட்டித் தயிரில் கலந்து தொட்டுக்கொள்ளுங்கள். அதன் காரமும் மணமும் கிழங்கின் இனிப்புக்கு மிகப் பொருத்தம்.

கோத்தகிரி வாசகர்: காணொளிகளில் ஆரஞ்சு நிறக் கிழங்கு வருகிறது. நமக்குச் சிவப்புத் தோல், வெள்ளைச் சதைதான் கிடைக்கிறது.

அதுவே நல்லது. பொதுவாக வெள்ளைச் சதையில் நீர் குறைவு, மாவு அதிகம். ஆரஞ்சு நிறம் பீட்டா கரோட்டினால் வருவது. திருவனந்தபுரத்திலுள்ள மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் ‘பூ சோனா’ என்ற ஆரஞ்சு ரகத்தை வெளியிட்டிருக்கிறது.

உதகை வாசகி: பொங்கலுக்கு வாங்கிய கிழங்கைச் செய்தேன். எவ்வளவு வெந்தும் நடுவில் கட்டையாகவே இருக்கிறது.

இதைக் கேட்டதற்கு நன்றி. நம் ஊர்க்காரர்கள் எல்லோரும் அறிந்திருக்க வேண்டியது இது. சர்க்கரைவள்ளி வெப்பநாட்டுக் கொடி. ஏறத்தாழ 12 டிகிரிக்குக் கீழே சில நாட்கள் கிடந்தால் அதன் உட்சதை பாதிக்கப்பட்டு, பிறகு எவ்வளவு வேகவைத்தாலும் இளகாத ஒரு கட்டை நடுவில் நின்றுவிடும். உறைபனி விழும் மார்கழி, தை மாதங்களில் நம் வீட்டுப் பின்கட்டே குளிர்சாதனப் பெட்டிதான். உருளையையும் கேரட்டையும் போட்டுவைக்கும் அதே மூலையில் இதையும் போடாதீர்கள். காகிதத்தில் சுற்றி அடுப்பங்கரைப் பரணில் வையுங்கள், அல்லது சமவெளியிலிருந்து ஏறிவரும் கிழங்கை அந்த வாரத்துக்கு மட்டும் வாங்குங்கள்.

வத்தலக்குண்டு வாசகர்: எனக்கும் துவண்டுதான் வருகிறது. ஒரே தட்டில் ஒரு கிலோ போட்டேன்.

முதல் பதிலைப் படியுங்கள். ஒரு தட்டுக்கு அரை கிலோவுக்கு மேல் வேண்டாம். நெருக்கினால் ஆவி வெளியேற வழியில்லாமல் கிழங்கு வெந்துவிடும்.

கொடைக்கானல் வாசகர்: உப்பை ஊறவைக்கும் நீரில் போடலாமா?

வேண்டாம். கடைசியில் தூவுங்கள்.

குன்னூர் வாசகி: கணவருக்குச் சர்க்கரை நோய். எத்தனை துண்டு கொடுக்கலாம்?

இதை அவருடைய மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும்.

கூடலூர் வாசகி: தட்டில் பட்டர் பேப்பர் போடலாமா? செய்து வைத்தால் எவ்வளவு நேரம் மொறுமொறுப்பு நிற்கும்?

மெழுகு பூசிய தாள் ஓவனுக்கு ஆகாது, புகையும். பேக்கிங்குக்கு என்றே விற்கும் தாளைப் போடுங்கள். மஞ்சு இறங்கும் மாலைகளில் கால் மணி நேரத்துக்குள்ளேயே நமுத்துவிடும், ஆகவே உண்பவர்கள் உட்கார்ந்த பிறகு தட்டை ஓவனிலிருந்து எடுங்கள். மிஞ்சியதை மைக்ரோவேவில் சூடாக்காமல், 200 டிகிரி ஓவனில் 5 நிமிடம் வையுங்கள்.

குன்னூர் வாசகர்: அம்மா, வெப்பமானியை வைத்து வீட்டிலேயே நீரைக் கொதிக்கவிட்டுப் பார்த்தேன். 94 டிகிரியில் கொதித்து நின்றுவிட்டது. ஆனால் 25 நிமிடத்திலேயே குச்சிகள் நடுவரை வெந்துவிட்டன. கூடுதல் நேரம் தேவைப்படவில்லை.

எவ்வளவு தடிமனாக வெட்டினீர்கள்?

குன்னூர் வாசகர்: நீங்கள் சொன்ன 8 மில்லிமீட்டர்.

அந்தத் தடிமனுக்கு 25 நிமிடம் போதும் ஐயா. அடுத்த முறை ஒரு சென்டிமீட்டராக வெட்டி, அதே 25 நிமிடத்தில் ஒரு குச்சியை ஒடித்து நடுப்பகுதியைப் பாருங்கள்.