நகையை வைத்து வெள்ளி ரூபாய் வாங்கலாமா?

கேள்வி: தங்கச்சிமடத்தில் இருக்கிறோம். கணவர் விசைப்படகில் போகிறார். மூன்று வருடத்துக்கு முன் மீன்பிடி தடைக்காலத்தில் அடகு வைத்த நகையை இன்னும் மீட்கவில்லை. வட்டியை மட்டும் கட்டி மாற்றி வைக்கிறோம். மீதி நகையையும் வைத்து 90,000 ரூபாய் கொடு, ஒன்று 1,800 வீதம் 50 பழைய ஜார்ஜ் ராஜா வெள்ளி ரூபாய் வாங்கித் தருகிறேன், விலை ஏறும் என்கிறார் அண்ணன். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள்.

அண்ணன் சொல்வதில் பாதி சரிதான். ஐந்தாம் ஜார்ஜ் ராஜாவின் ரூபாய் 11.66 கிராம், பழைய எடைக் கணக்கில் சரியாக ஒரு தோலா. 91.7 சதவீதம் வெள்ளி, அதாவது 10.69 கிராம். அவர் காலத்து ரூபாய் எல்லாம் ஒரே தரம் என்பதால் வெள்ளிக் கடைக்காரர் உரசிப் பார்க்காமலே விலை சொல்வார். ஆட்கள் தேடி வாங்குவது இதனால்தான். ஆனால் பழசு என்பதாலேயே அபூர்வம் ஆகிவிடாது. 1918-ல் அமெரிக்கா தன் டாலர் நாணயங்களை உருக்கி இந்தியாவுக்கு வெள்ளி விற்றது; அந்தச் சமயத்து ரூபாய்கள் கோடிக்கணக்கில் அடிக்கப்பட்டவை. சேகரிப்பவர்கள் கூடுதல் விலை தருவது 1911-க்கு. ராஜாவின் அங்கியில் இருந்த யானை பன்றி போலத் தெரிகிறது என்று சர்ச்சையாகி, மறு வருடமே அச்சை மாற்றினார்கள். அதனால் 1911-ல் போலியும் அதிகம்.

கணக்கைப் பாருங்கள். வெள்ளி கிராம் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம் (இன்றைய விலையைப் போட்டு நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்). ஒரு காசில் 1,069 ரூபாய் வெள்ளி. 50 காசுக்கு 53,450. வாங்கிய அன்றே 36,550 ரூபாய் காற்றில் போகிறது. நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி என்றால் வருடத்துக்கு 10,800. போட்டது திரும்ப வரவே ஒரே வருடத்தில் வெள்ளி கிராம் 188 ரூபாயைத் தாண்ட வேண்டும். விற்கும்போது கடைக்காரர் கழிக்கும் சேதாரம் தனி.

அதிலும் 1940 முதல் 1945 வரையிலான ரூபாயில் பாதிதான் வெள்ளி, 5.83 கிராம். தலை ஜார்ஜ்தான், ஆனால் ஆறாம் ஜார்ஜ். இரண்டையும் கலந்து கட்டித் தள்ளிவிடுவது இந்த வியாபாரத்தில் சாதாரணம். மாலையில் கோக்க வளையம் பற்றவைத்த தழும்பு இருந்தாலோ, பாலிஷ் போட்டிருந்தாலோ சேகரிப்பவர் தொட மாட்டார். வெறும் வெள்ளி விலைதான்.

காசை விடுங்கள். உங்களைக் கரைப்பது அந்த 'வட்டி மட்டும்' பழக்கம். அதே வட்டிக்கணக்கில் மூன்று வருடத்தில் கடனில் 36 சதவீதம் கட்டியாயிற்று, அசல் அப்படியே நிற்கிறது. ஒவ்வொரு முறை மாற்றி வைக்கும்போதும் வட்டியோடு ஐயாயிரமாவது அசலில் கட்டி, சின்ன உருப்படியாக ஒன்றையாவது வெளியே எடுங்கள். ஜூன் 14 முடிந்து படகு இறங்கியதும் வரும் முதல் பங்குப் பணம் அதற்கே போகட்டும்.

அண்ணனிடம், "உன் பணத்தில் பத்துக் காசு வாங்கி, அடுத்த மாதமே ராமநாதபுரத்தில் விற்றுக் காட்டு, பிறகு பேசலாம்" என்று சொல்லுங்கள். கையில் மிச்சமுள்ள நகைதான் அடுத்த தடைக்காலத்துக்கு உங்கள் அரிசி. அது வீட்டிலேயே இருக்கட்டும்.