ஐந்து வருட விசாவை நம்பிக் கடன் கணக்குப் போடாதீர்கள்

உங்கள் மகளை மாஸ்டர்ஸ் படிக்கப் பிரான்ஸுக்கு அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். படிப்பு முடிந்ததும் ஐந்து வருட வேலை விசா கிடைக்கும், அதில் கல்விக் கடனை அடைத்துவிடலாம் என்பது ஏஜென்ட் போட்டுக் கொடுத்த கணக்கு. அந்தக் கணக்கு தவறு. முதலில் அதைச் சரிசெய்துவிடுவோம்.

2023 ஜூலையில் பிரதமர் மோடி பாரிஸ் சென்றிருந்தபோது வந்த அறிவிப்பு அது. ஆனால் இரு நாட்டுக் கூட்டறிக்கையில் இருப்பது குறுகிய கால ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான பயண விசா. மாஸ்டர்ஸ் அல்லது அதற்கு மேல் படித்து, குறைந்தது ஒரு செமஸ்டராவது பிரான்ஸில் இருந்தவர்களுக்கு அது ஐந்து ஆண்டு செல்லும். 180 நாளில் 90 நாள் வரை போய் வரலாம், அவ்வளவுதான். வேலை பார்க்கும் உரிமை அதில் இல்லை. படிப்பு முடிந்தபின் வேலை தேடித் தங்குவதற்கான அனுமதி வேறு. 2018 மார்ச்சில் கையெழுத்தான குடிபெயர்வு ஒப்பந்தப்படி அது இந்தியர்களுக்கு ஓராண்டு, பிறகு இன்னும் ஓராண்டு நீட்டிக்கலாம். ஆக, கையில் இருப்பது அதிகபட்சம் இரண்டு ஆண்டுகள். கடன் தவணையை அதை வைத்துப் போடுங்கள்.

தலைவர்கள் சந்திக்கும் மேடையில் மாணவர் விசா ஏன் பேசப்படுகிறது என்பதையும் புரிந்துகொள்வது நல்லது. 2025-க்குள் 20,000 இந்திய மாணவர்கள் என்பது பிரான்ஸின் முந்தைய இலக்கு. இப்போதைய இலக்கு 2030-க்குள் 30,000. 2024 ஜனவரியில் குடியரசு தின விருந்தினராக வந்த அதிபர் மக்ரோன் இதையே மீண்டும் சொன்னார். அங்கே படித்துத் திரும்பும் பொறியாளரும் அதிகாரியும் நாளை பிரான்ஸோடு எளிதில் கைகோர்ப்பார்கள் என்பதே இதன் பின்னணி. இதில் தப்பேதும் இல்லை. உங்கள் மகள் இதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும், அதற்கு வழி தெரிந்திருக்க வேண்டும்.

ஐஃபெல் உதவித்தொகையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1999 முதல் இதை நடத்துவது பிரான்ஸின் வெளியுறவு அமைச்சகம். அதனால் எந்தத் துறைக்குக் கொடுப்பது என்பதை அவர்களே முடிவு செய்கிறார்கள்: பொறியியல், கணிதமும் டிஜிட்டலும், சூழலியல் மாற்றம், உயிரியல், சட்டம், பொருளாதாரம் போன்றவை. மாணவர் நேரடியாக விண்ணப்பிக்க முடியாது, சேரப்போகும் கல்வி நிறுவனம்தான் பெயரைப் பரிந்துரைக்க வேண்டும். மாஸ்டர்ஸுக்கு வயது வரம்பு 25. அமைச்சகத்தின் கடைசித் தேதி ஜனவரியில் வரும், நிறுவனங்களோ அதற்குப் பல வாரம் முன்பே தங்கள் பட்டியலை மூடிவிடும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். மார்ச்சில் அட்மிஷன் கடிதம் கைக்கு வந்த பிறகு உதவித்தொகை தேடினால் கதவு மூடியிருக்கும். அக்டோபரிலேயே நிறுவனத்தின் சர்வதேச மாணவர் பிரிவுக்கு மகள் தானே எழுதட்டும். இந்தியாவில் உள்ள பிரெஞ்சுத் தூதரகம் நடத்தும் ஷார்பாக் உதவித்தொகைக்கு மட்டும் அவரே விண்ணப்பிக்கலாம்.

அடுத்தது பட்டம். அரசுப் பல்கலைக்கழகத்தில் மாஸ்டர்ஸ் கட்டணம் ஐரோப்பிய மாணவருக்கு ஆண்டுக்குச் சுமார் 250 யூரோ, நம் பிள்ளைகளுக்குச் சுமார் 3,900 யூரோ. 2019-இல் வந்த வித்தியாசம் இது. பல்கலைக்கழகங்கள் சில மாணவர்களுக்கு இந்தக் கூடுதல் கட்டணத்திலிருந்து விலக்கு தரலாம், கேட்டுப் பாருங்கள். தனியார் கல்லூரிகள் பல மடங்கு வாங்கும். அங்கே விளம்பரத்தில் ‘மாஸ்டர்ஸ்’ என்று இருந்தாலும், சிலவற்றில் கிடைப்பது அரசின் தொழிற்தகுதிப் பதிவேட்டில் உள்ள சான்றிதழ் மட்டுமே. ‘கிராட் த மாஸ்டர்’ எனும் அரசு அங்கீகாரம் அதற்கு இருக்காது. அது இல்லாவிட்டால் மேலே சொன்ன வேலை தேடும் அனுமதியே சிக்கலாகிவிடும். பணம் கட்டுமுன், இந்தப் பட்டத்துக்கு அந்த அங்கீகாரம் உண்டா, எந்த ஆண்டு வரை என்று கல்லூரியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

விசாவுக்கு மாதம் 615 யூரோ வீதம் பணம் காட்டச் சொல்வார்கள். பாரிஸில் அதை வைத்து வாழ முடியாது, வாடகையிலேயே கரைந்துவிடும். படிக்கும்போது ஆண்டுக்கு 964 மணி நேரம் வேலை செய்யலாம், ஆனால் அந்த வருமானத்தைக் கட்டணத்துக்கு என்று எழுதி வைக்காதீர்கள். ஆங்கிலத்தில் படித்தாலும் இன்டர்ன்ஷிப்புக்கும் வேலைக்கும் பிரெஞ்சு வேண்டும். சென்னையிலோ புதுச்சேரியிலோ உள்ள அலியான்ஸ் பிரான்ஸேஸ் எனும் பிரெஞ்சு மொழிப் பள்ளியில் இந்த ஆண்டே சேர்ந்து பி1 எனும் இடைநிலைத் தேர்ச்சியாவது முடித்துவிட்டுக் கிளம்பட்டும்.

வெளியுறவைச் சார்ந்த வாய்ப்பு வெளியுறவோடு சேர்ந்து மாறவும் செய்யும். 2023 ஆகஸ்டில் நைஜர், மாலி, புர்கினா ஃபாசோ ஆகிய மேற்கு ஆப்பிரிக்க நாடுகளோடு உறவு மோசமாகியிருந்தபோது பிரான்ஸ் அங்கே விசா வழங்குவதை நிறுத்தியது. செப்டம்பரில் வகுப்புக்குப் போகவேண்டிய பிள்ளைகள் அட்மிஷன் கடிதத்தோடு ஊரிலேயே நின்றார்கள். இந்தியாவோடு இன்று உறவு நன்றாகவே இருக்கிறது. இருந்தாலும் வேறொரு நாட்டில் ஓர் இடத்தையும் கையில் வைத்திருங்கள். விசா கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்ப வருமா, எத்தனை நாளில் வரும் என்பதைக் கல்லூரியின் விதியில் படித்துவிட்டு அப்புறம் கட்டுங்கள்.

போய் இறங்கிய மூன்று மாதத்துக்குள் விசாவை இணையத்தில் செல்லுபடியாக்க வேண்டும் என்பதையும் மகளிடம் இப்போதே சொல்லிவையுங்கள். மறந்தால் தங்கியிருப்பதே சட்டப்படி செல்லாது.