மோக்கா கல்லூரி முற்றம்: மேடை வேண்டாம்

வணக்கம். மொரீஷியஸின் மோக்கா ஊரில் உங்கள் கல்லூரியின் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே இருக்கும் புல்தரையில் வட்டமாகச் சிமெண்டு பெஞ்சும் நிரந்தர மேடையும் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

மேடையை விட்டுவிடுங்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் உதவும். மற்ற நாளெல்லாம் வழியை அடைத்துக்கொண்டு கிடக்கும். அதற்குப் பதில் ஓரமாக 45 செ.மீ. உயரம், 90 செ.மீ. அகலத்தில் ஒரு நீளத் திண்ணை கட்டுங்கள். இரண்டு பக்கமும் உட்காரலாம், விழா நாளில் அதன்மேல் ஏறிப் பேசலாம். நான் படித்த இடத்திலும் வட்டப் பெஞ்சுகள்தான். மூன்று பேர் உட்கார்ந்திருந்தால் நாலாவது ஆள் கிட்டே போக மாட்டான்!

மீதிக்கு லேசான நாற்காலிகள் போதும். நிழல் நகர நகர, பிள்ளைகளே இழுத்துப் போட்டுக்கொள்வார்கள். ஆனால் புயல் எச்சரிக்கை வந்தால் எல்லாவற்றையும் உள்ளே எடுக்க வேண்டுமே. நவம்பரிலிருந்து மே நடுப்பகுதிவரை நமக்கு அதே கவலைதான். சாமான் அறை பத்தடிக்குள் இல்லாவிட்டால் யாரும் எடுத்து வைக்க மாட்டார்கள். நிழல்துணியும் கழற்றக்கூடிய கொக்கியில்தான் இருக்க வேண்டும்.

மரம் நடுவதாக இருந்தால் வடக்கிலும் மேற்கிலும். நாம் பூமத்திய ரேகைக்குத் தெற்கே 20 டிகிரியில் இருப்பதால், வருஷத்தில் பெரும்பகுதி உச்சிவெயில் வடக்கிலிருந்து சாய்ந்துதான் விழும். இந்தியாவுக்குப் போட்ட கட்டட வரைபடத்தைப் பார்த்துத் தெற்கே நட்டுவிடாதீர்கள்.

அப்புறம், மோக்கா மழைக்கு வெறும் புல் சேறாகிவிடும். பாதித் தரைக்காவது தண்ணீர் இறங்கும் கல் பதியுங்கள். திண்ணைப் பக்கம் நாலு பிளக் பாயிண்டும் வையுங்கள், மூடி போட்டது.